மண்ணின் விலை யாருடையது?

பொருளை விளைவிப்பவன் ஒருவன். அதனை நுகர்பவன் மற்றொருவன். இருவருக்கும் நடுவே நின்று ஊதியம் பெறுபவன் மூன்றாமவன். இம் மூன்றாமவனைப் பற்றிய ஐயம் மனித சமுதாயத்தில் மிகப் பழையது. அவன் இல்லாவிடின் நெய்தற் கரை உப்பு மலைநாட்டுக்குச் சென்றிராது. மருத நிலத்து நெல் கடற்கரைக்கு வந்திராது. உமணரின் வண்டிகள் சென்ற வழியேதான் நாகரிகமும் நடந்தது. ஆயின் விளைவித்தவன் வறியவனாயிருக்க, நுகர்பவன் கடனாளியாயிருக்க, நடுவே நின்றவன் மட்டும் செழித்ததும் வரலாறுதான். ஆகவே, இடைநின்று பெறும் ஊதியம் அறமா என்ற வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. எதனைச் செய்து பெற்ற ஊதியம், யாருக்கு எதனை மறைத்துப் பெற்ற ஊதியம் என்று பிரித்துக் கேட்க வேண்டும். கைமாறும் பொருள் உப்பாகவோ நெல்லாகவோ இராது, மண்ணாகவே இருக்கும்போது இவ்வினா மேலும் கூர்மை அடைகிறது.

இதனை இப்பொழுது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. உயர்தரப் பரீட்சை முடிந்து, பல்கலைக்கழகத்துக்கும் போகாது, வேலையும் கிடையாது நிற்கும் இளைஞர், தம் பழைய ஆசிரியரைக் காணும்போது கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: “முதல் இல்லாமல் தொடங்கலாம் எண்டு சொல்லுகினம், சேர். காணித் தொழிலிலை இறங்கினால் என்ன?” உடுவிலிலும் அயலூர்களிலும் ஆசிரியராயுள்ள நாம் இக்கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். “அது தரகுத் தொழில், உனக்கேன்?” என்று முகஞ் சுளிப்பது விடையன்று, உத்தியோகத்தையே உயர்வாகக் கருதிய பழைய யாழ்ப்பாண மனப்பான்மையின் எச்சம் அது. “நல்ல காசு, இறங்கு” என்று தட்டிக்கொடுப்பதும் விடையன்று. அது ஆசிரியப் பொறுப்பைக் கைகழுவுவதாகும்.

முதலில் தொழிலின் இயல்பை அறிவோம். காணித் தரகு எமக்குப் புதியதன்று. விற்பவரையும் வாங்குபவரையும் அறிந்து, இருவரையும் ஒரு விறாந்தையில் இருத்தி, விலை பேசித் தீர்த்து, நொத்தாரிசிடம் அழைத்துச் சென்று, உறுதி முடிந்தபின் நூற்றுக்கு இவ்வளவு என்று தரகு பெறுபவரை ஒவ்வோர் ஊரும் அறியும். இன்று இளைஞரைக் கவரும் தொழில் இதிலிருந்து ஒரு படி வேறுபட்டது. இங்கே நடுவில் நிற்பவன் இருவரையும் சந்திக்க விடுவதில்லை. விற்பவரிடம் ஒரு விலை பேசி, சிறிது அச்சவாரம் கொடுத்து, குறித்த மாதங்களுக்குள் தான் சொல்லும் பெயருக்கு உறுதி எழுதித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்கிறான். பின்னர் அவ்வொப்பந்தத்தையே வேறொருவருக்குக் கூடிய விலைக்குக் கைமாற்றுகிறான். அமெரிக்காவில் இதற்கு ‘மொத்த வாணிபம்’ என்றே பெயர். அங்கே இதைக் கற்பிக்கும் கைந்நூல்கள் பல, வகுப்புகள் பல. அவற்றின் முதற் பாடம் ஒன்றே: சொந்தக் காசு வேண்டாம், கடன் வேண்டாம், காணியும் வேண்டாம், ஒப்பந்தம் போதும்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பரப்புத் தோட்டக் காணி. பரப்பு எட்டு இலட்சம் என்று விற்பவரோடு பேச்சு முடிகிறது. மொத்தம் 32 இலட்சம். ஓர் இலட்சம் அச்சவாரம். மூன்று மாதத் தவணை. அத்தவணைக்குள் நடுவிலுள்ளவர் பரப்பு பன்னிரண்டு இலட்சம் கொடுக்கும் ஒருவரைப் பிடித்துவிடுகிறார். 48 இலட்சம். இடையிலுள்ள 16 இலட்சமும் அவருடையது. தம் பெயருக்கு உறுதி முடித்தால் முத்திரைத் தீர்வை இருமுறை கட்ட நேரும் ஆதலின், விற்பவர் நேரே கடைசி வாங்குநருக்கே கையொப்பமிடுகிறார். வாங்குநர் கிடைக்காவிடின் நடுவிலுள்ளவருக்கு நட்டம் அதிகமில்லை. ஆனால் விற்பவருக்கோ, மகளின் கலியாணத்துக்கோ மனைவியின் சத்திரசிகிச்சைக்கோ விற்க முனைந்த காணி மூன்று மாதம் முடங்கிக் கிடந்தது. நட்டத்தின் பெரும்பகுதி ஒருவர் தலையில். ஆதாயத்தின் பெரும்பகுதி மற்றொருவர் கையில்.

எமது நாட்டில் இதற்குச் சட்டம் ஒரு வரம்பு இட்டுள்ளது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, காணி விற்பது மட்டுமன்றி, விற்பதாக வாக்குக் கொடுக்கும் உடன்படிக்கையும் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் முடித்த காணிப் பேச்சு நீதிமன்றில் நில்லாது. ஆகவே இத்தொழில் செய்வோர் ஒன்றில் நொத்தாரிசு ஒப்பந்தம் முடிக்கின்றனர். அன்றேல் காணிக்காரரிடமிருந்து அற்றோணித் தத்துவம் பெறுகின்றனர். பின்னதன் ஆபத்தைச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டில் இருப்பவர் ஒரு தாளில் இட்ட கையொப்பம், அவர் கண்காணாத மண்ணின் தலைவிதியை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிடுகிறது.

* * *

இனி, மண்ணுக்கு வருவோம். உடுவில் ஆறில்லாத நாட்டின் ஊர். சுண்ணக்கல்லின் மேற் படிந்த செம்மண்ணும், கல்லைக் குடைந்து தோண்டிய கிணறுமே எமது செல்வம். ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்று நுணுக்கமாக அளக்கப்படும் மண் இது. பழைய உறுதிகளைப் படித்தோர் அறிவர்: காணியின் எல்லைகளைச் சொன்னபின் கிணற்றுப் பங்கும், வழி வாய்க்காற் பாத்தியதையும் தவறாது குறிக்கப்பட்டிருக்கும். தனியுடைமை என்று நாம் சொல்லும் காணிக்குள்ளே கூட்டுடைமை ஒன்று எப்போதும் மறைந்திருந்தது என்பதற்கு அவ்வரிகளே சான்று. கிணறு ஒருவருடையதன்று, வாய்க்கால் ஒருவருடையதன்று, ஒழுங்கை ஒருவருடையதன்று.

ஆயின் காணியின் விலை மட்டும் ஒருவருடையதா? உடுவிலில் ஒரு பரப்புக்கு விலை ஏறுகிறதெனின் அதனை ஏற்றியவர் யார்? அயலிலுள்ள கந்தரோடையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் வாழ்ந்து இம்மண்ணைப் பண்படுத்தியுள்ளனர். 1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். 1913இல் இராமநாதன் மருதனார்மடத்தில் மகளிர் கல்லூரி நிறுவினார். பள்ளிக்கூடம் அருகே என்ற ஒன்றே காணிக்கு விலை சேர்க்கும். போரில் 1990இல் நின்றுபோன புகைவண்டி 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015இல் காங்கேசன்துறைக்கும் திரும்பி வந்தது. அத் தண்டவாளத்தைப் பொதுப் பணமே இட்டது. சந்தையைக் கமக்காரர் உண்டாக்கினர். பாதையைக் கூலியாளர் செப்பனிட்டனர். புலம்பெயர்ந்தோர் பனியிலும் இரவுவேலையிலும் தேடிய காசு வந்து சேர்ந்தது. இவ்வளவு பேரின் உழைப்பும் திரண்டு ஒரு பரப்பின் விலையாக நிற்கிறது.

இவ்வுண்மையைப் பொருளியலார் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டனர். நிலத்தின் வாடகை நிலக்காரனின் உழைப்பால் வருவதன்று என்பதை ரிக்கார்டோ 1817இல் விளக்கினார். நகரம் வளர வளர நிலத்தின் மதிப்பு ஏறுவதும், ஏறிய மதிப்பு சமுதாயத்துக்குச் சேராது தனியார் பையில் விழுவதுமே செல்வத்தின் நடுவில் வறுமை நிற்பதற்குக் காரணம் என்று ஹென்றி ஜோர்ஜ் 1879இல் எழுதினார். அம்மதிப்பை வரியாகத் திரும்பப் பெற வேண்டும் என்றார். 1894இல் வெளியான மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் நிலவாடகையை ஆராய்ந்து, அது சமுதாய உழைப்பிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பங்கு என்று நிறுவினார். விற்பதற்கென்று எவரும் உற்பத்தி செய்யாத மண்ணைச் சரக்கைப் போல் நடத்துவது ஒரு கற்பனையின் மேல் சந்தையைக் கட்டுவதாகும் என்று கார்ல் போலன்யி 1944இல் காட்டினார்.

எனினும் இக்கோட்பாடுகளை அப்படியே எமது ஊருக்குப் பொருத்துவது பிழை. அவர்கள் கண்முன் நின்ற நிலக்காரன் ஆயிரக்கணக்கான ஏக்கர் உடைய பிரபு. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் வயலுக்கு 25 ஏக்கரும் பிற காணிக்கு 50 ஏக்கரும் உச்ச வரம்பாக விதித்தபோது யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் அதனால் பெருமாற்றம் நிகழாமைக்குக் காரணம், இங்கே உடைமை பரப்புக் கணக்கிலும் குழிக் கணக்கிலும் சிதறிக் கிடந்தமையே. எமது ஊரில் காணி விற்பவர் பெரும்பாலும் பிரபுவல்லர். மூத்த பிள்ளையை வெளிநாடு அனுப்பக் கடன்பட்டவர், கணவனை இழந்தவர், முதுமையில் தனித்தவர், அண்ணன் தம்பி பங்கு பிரிக்க வேண்டியவர் ஆகியோரே. இவர்களிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்கும் இடைநிலையாளன், ‘உழையா ஊதியத்தை நிலக்காரனிடமிருந்து நான் பறித்தேன்’ என்று சொல்ல முடியாது. சமுதாயம் உண்டாக்கிய மதிப்பு சமுதாயத்துக்கும் போகவில்லை. நெருக்கடியில் இருந்த சிறு உடைமையாளனுக்கும் போகவில்லை. மூன்றாமிடத்துக்குப் போயிற்று.

* * *

இங்கேதான் அறவியலின் மையமான வினா எழுகிறது. தனக்குத் தெரிந்ததை மற்றவனிடம் சொல்லாது பெறும் ஆதாயம் நேர்மையானதா? கி.மு. 44இல் உரோம அறிஞர் சிசெரோ தம் மகனுக்குக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார். உரோட்சுத் தீவில் பஞ்சம். ஒரு வணிகன் அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். இன்னும் பல தானியக் கப்பல்கள் பின்னால் வருவதை அவன் வழியிற் கண்டிருக்கிறான். அதனை ஊராருக்குச் சொல்வதா, சொல்லாது உச்ச விலைக்கு விற்பதா? இயவனத் தத்துவ ஞானி தியோஜெனீஸ், சட்டம் வேண்டுவதைச் சொன்னாற் போதும். மறைப்பது வேறு, சொல்லாதிருப்பது வேறு என்கிறார். அவருடைய மாணவர் அந்திப்பாத்தரோ, மனித குலத்தின் நன்மை உன் நன்மை என்று கொண்டவன் வாங்குபவன் அறியாத எதனையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறார். சிசெரோ மாணவரின் பக்கமே தீர்ப்பளிக்கிறார்.

எம் பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடும்போது, அவர்களின் செல்வத்தைவிட அவர்களின் நடுவுநிலைமையையே பெரிதாகப் பாடுகிறது. தாம் கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாதவர்கள் என்றும், பண்டத்தின் விலையை ஒளியாது சொல்லி விற்றவர்கள் என்றும் அவர்கள் சிறப்பிக்கப்படுகின்றனர். அன்று எல்லா வணிகரும் அப்படியே நடந்தனர் என்று நம்ப வேண்டியதில்லை. வணிகனின் பெருமை எதில் உள்ளது என்று அச்சமுதாயம் கருதியது என்பதே எமக்குரிய செய்தி. ஊதியம் பெறுவதை அது இழிவாக எண்ணவில்லை. ஒளித்துப் பெறுவதையே இழிவாக எண்ணிற்று.

உரோட்சு வணிகனின் நிலையையும் உடுவில் இடைநிலையாளனின் நிலையையும் ஒப்பிடுங்கள். முன்னவன் கப்பலைக் கொண்டுவந்தான். கடலின் ஆபத்தை ஏற்றான். தானியம் பசித்தோரை அடைந்தது. பின்னவன் விற்கும் மண் அவன் வருமுன்னும் அங்கேயே இருந்தது. அவன் போனபின்னும் அங்கேயே இருக்கும். அவன் கொண்டுவந்தது ஒன்றே: இக்காணிக்குப் பன்னிரண்டு இலட்சம் கொடுக்க ஒருவர் உள்ளார் என்னும் அறிவு. அவ்வறிவை விற்பவருக்குச் சொல்லி, அதனைத் தேடிய உழைப்புக்குக் கூலி கேட்டால் அது தரகு. சொல்லாது, விற்பவரின் அறியாமையையே முதலாக்கினால் அது வேறு. முதல் இல்லாத தொழில் என்பது பொய். அத்தொழிலுக்கும் முதல் உண்டு. அம்முதல் இன்னொருவருக்குத் தெரியாமலிருப்பது.

அறியாமை எமது மண்ணில் ஒருவர் குற்றத்தால் வந்ததன்று. 1983க்குப் பின் ஆயிரமாயிரமாக மக்கள் கடல் கடந்தனர். 1995 அக்டோபர் 30ஆம் நாள் தொடங்கி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வீடு வாசலை விட்டு எழுந்து நடந்தது. உறுதிகள் பெட்டியோடு தொலைந்தன, எல்லைக் கதியால்கள் பட்டுப்போயின, நொத்தாரிசுமார் மறைந்தனர், பங்காளிகள் நான்கு கண்டங்களிற் சிதறினர். இல்லாதவர் காணியில் இருந்தவர் உரிமை கொண்டாடும் வழக்குகள் பெருகவே, இடர்ப்பட்டோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடாதிருக்க 2016இல் ஆட்சியுரிமை பற்றிய சிறப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட வேண்டியதாயிற்று. இத்தகைய மண்ணில், ரொறன்ரோவிலோ பாரிசிலோ உள்ள ஒரு முதியவருக்குத் தம் தோட்டத்தின் இன்றைய விலை எப்படித் தெரியும்? அவருக்கு அது நினைவில் நின்ற விலை. மேலும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், விதிவிலக்குகள் சில நீங்கலாக, வெளிநாட்டுப் பிரசைகள் இங்கு காணி வாங்குவதைத் தடுத்துள்ளது. இரட்டைக் குடியுரிமை இல்லாது வெளிநாட்டுப் பிரசையாகிவிட்டவர் ஒருமுறை விற்றால், பின்னர் மனம் மாறினும் தம் ஊரில் ஒரு பரப்பைத் தம் பெயரில் விலைக்கு வாங்குவது அரிது. திரும்பப் பெற முடியாத ஒன்றை விற்பவரிடம் உண்மையை மறைப்பது சாதாரணமான மறைப்பன்று.

* * *

பழைய சமுதாயம் இதனை எவ்வாறு எதிர்கொண்டது? யாழ்ப்பாணத்து வழமைகளை 1707இல் ஒல்லாந்தத் திசாவை கிளாசு ஈசாக் தொகுத்தார். 1806இல் ஆங்கிலேயர் அத் தேசவழமைக்குச் சட்ட வலுக் கொடுத்தனர். அதில் முன்வாங்கும் உரிமை என்று ஒன்று உண்டு. காணியை விற்க எண்ணுபவர் உரித்துடையோருக்கும் பங்காளிக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில், விற்கும் எண்ணம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வெளிப்படையாக வாசிக்கப்பட வேண்டும் என்ற விதியும் வந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இவ்வுரிமையைப் பங்குடையோருக்கும் உரித்தாளருக்கும் என வரையறுத்தது. காணி விற்பனை இருட்டில் நடவாது, ஊரறிய நடக்க வேண்டும் என்ற கொள்கை இதிற் பொதிந்துள்ளது. மூன்று ஞாயிறும் ஊர் கேட்ட காணியை ஒருவன் இரகசிய விலைக்கு முடிப்பது எளிதன்று.

ஆனால் பழமையை முழுமையாகப் போற்றுவதும் எமக்கு இயலாது. உறவுக்குள்ளே காணியை நிறுத்திய அதே வழமை, சாதிக்குள்ளேயும் அதனை நிறுத்திற்று. தலைமுறை தலைமுறையாக அத்தோட்டங்களில் இறைத்தும் கொத்தியும் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்கள் பிறர் காணியிலேயே குடிசை போட்டு, ‘எழும்பு’ என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி வாழ்ந்தனர். 1966 அக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் தேநீர்க்கடைக்கும் கோயில் வாயிலுக்கும் மட்டும் எழுந்த குரலன்று. குடியிருக்கும் மண்ணே பிறருடையதாயிருந்தவன் வாக்குரிமையையும் பிறர் விருப்பப்படியே செலுத்த வேண்டியிருந்தது. அத்தகையவன் காசு சேர்த்து வந்தாலும், ‘உனக்குக் காணி தரமாட்டோம்’ என்ற வேலி உயர்ந்தே நின்றது.

ஆகவே சிலர் இப்படி வாதிடுவர்: “காசுக்குச் சாதி இல்லை. இடைநிலையாளன் பெயர் சொல்லாது வாங்கி எவருக்கும் விற்கிறான். பழைய வேலியை உடைப்பவன் அவனே.” இவ்வாதத்தில் உண்மையின் ஒரு கூறு உண்டு, அதனை மறுப்பது நேர்மையாகாது. நிலவுடைமைக் கட்டுகளைச் சந்தை அறுப்பதுண்டு. ஆனால் ஒரு வேலியை உடைத்த கை இன்னொரு வேலியை எழுப்புகிறது. சாதியின் பெயரால் மறுக்கப்பட்டவன் இன்று விலையின் பெயரால் மறுக்கப்படுகிறான். பரப்புக்கு நான்கு இலட்சம் இடையில் ஏறும் ஒவ்வொரு முறையும் முதலில் வெளியே தள்ளப்படுபவன் காணியற்ற கூலியாளனே. அடுத்துத் தள்ளப்படுபவன் சம்பளத்தில் வாழும் சிறிய ஆசிரியன். வேலியை உடைக்க விரும்புபவன், மறைவிலைக்கு மாறாக வெளிப்படையான விலையையும், காணியற்றோருக்குக் காணி கிடைக்கும் ஏற்பாட்டையும் கேட்க வேண்டும்.

இன்னொரு வாதமும் உண்டு. “விற்பவர் தாமே எட்டு இலட்சத்துக்கு இணங்கினார், யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை.” இணக்கம் என்பது அறத்தின் இறுதிச் சொல்லாயின் வட்டிக்காரனும் குற்றமற்றவன், பஞ்ச காலத்துக் கூலியும் நியாயமே. நெருக்கடியில் இணங்குவது ஒன்று, சுதந்திரமாக இணங்குவது மற்றொன்று. உரோம-ஒல்லாந்தச் சட்டத்தின் வழி எமது நாட்டு நீதிமன்றங்கள் ஏற்றுள்ள பழைய கோட்பாடு ஒன்று, உண்மை மதிப்பின் பாதிக்கும் குறைவாக விற்க நேர்ந்தவர் அவ்விற்பனையை மாற்றக் கேட்கலாம் என்கிறது. உரோமச் சட்டத்திலேயே வேரூன்றிய இக்கோட்பாட்டைத் தென்னாபிரிக்கா 1952இல் நீக்கிவிட்டது. இங்கே அது நிலைத்தது. கையொப்பம் இட்டமையால் மட்டும் விலை நியாயமாகிவிடாது என்பதே அதன் உட்பொருள். ஆனால் பாதி என்பது சட்டத்தின் கடைக்கோடி. அறத்தின் கோடு அதற்கு வெகு முன்னரே உள்ளது.

தனியார் இலாபத்தைத் தெய்வமாகக் கொண்ட நாடுகளிலும் இத்தொழிலுக்கு வரம்பு தேவைப்பட்டது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் இலினோய் மாநிலம் 2019இல், இவ்வாறு ஒப்பந்தங்களைத் தொடர்ந்து கைமாற்றுவோர் தரகருக்குரிய அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்று விதித்தது. ஒக்லகோமா 2021இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணம் 2016இல் இன்னும் ஒருபடி சென்றது. முகவர்கள் எழுதும் ஒப்பந்தங்களில், விற்பவர் எழுத்தில் இசைந்தாலன்றிக் கைமாற்றலாகாது, கைமாற்றத்தால் வரும் இலாபம் விற்பவருக்கே சேர வேண்டும் என்ற நிபந்தனைகள் இடம்பெற வேண்டும் என்றது. இவ்விதியை ஆழ்ந்து நோக்குக. அது தொழிலைத் தடை செய்யவில்லை. இரகசியத்தின் பயனை மட்டும் எடுத்துவிட்டது. அவ்வளவில் இத்தொழிலின் கவர்ச்சி குன்றுமாயின், அதன் ஆதாயம் எதிலிருந்து வந்தது என்பது தானே விளங்கும்.

* * *

அப்படியாயின் அவ்விளைஞனுக்கு என்ன சொல்வது? ‘இறங்காதே’ என்றல்ல, ‘எப்படி இறங்குவது என்று அறிந்து இறங்கு’ என்றே சொல்வோம்.

காணியை இணைத்து வைப்பதில் மெய்யான உழைப்பு உண்டு. காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடி உரித்தின் தொடரைக் கண்டறிவது உழைப்பு. பிரிபடாப் பங்குக்காரரை நான்கு நாடுகளிலும் தேடி ஒருமுகப்படுத்துவது உழைப்பு. ஈடு, ஒற்றி, சீதன உரிமை, வழி வாய்க்காற் பாத்தியதை ஆகியன தீர்ந்தனவா என்று பார்ப்பதும், நிலஅளவையாளரோடு வெயிலில் நின்று எல்லையைக் காண்பதும் உழைப்பே. இவ்வுழைப்புக்குக் கூலி உண்டு. அது தாழ்ந்த கூலியாக இருக்க வேண்டியதுமில்லை. தேசவழமையையும் உறுதி வாசிப்பையும் கற்ற ஓர் இளைஞன் ஊருக்குச் செய்யக்கூடிய தொண்டு சிறிதன்று.

ஆனால் அவன் முதல் நாளே தனக்குத்தான் சில விதிகளை இட்டுக்கொள்ள வேண்டும். கூலி எவ்வளவு என்பதை இரு தரப்பாருக்கும் முன்கூட்டியே எழுத்திற் கொடுக்க வேண்டும். வாங்குபவர் கொடுக்கும் முழு விலையையும் விற்பவர் அறிய வேண்டும். தானே வாங்கி விற்பதாயின் ‘நான் இலாபத்துக்கு வாங்குகிறேன்’ என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். தரகன் வேடத்தில் நின்று வணிகன் ஆதாயத்தைப் பெறலாகாது. இறந்தவீட்டிலும் நோயாளி கட்டிலருகிலும் விலை பேசலாகாது. அற்றோணித் தத்துவம் பெறின், ஒவ்வொரு பேச்சையும் தத்துவம் கொடுத்தவருக்கு அறிவித்த பின்னரே முடிக்க வேண்டும். அயலவரையும் காணியற்றோரையும் கேட்காது வெளியூர்ப் பணத்தை மட்டும் தேடி ஓடலாகாது. இவற்றைக் கடைப்பிடித்தால் ஆதாயம் குறையுமே என்று அவன் கேட்பான். குறையும். குறைகின்ற அந்தப் பகுதி எதுவோ அதுவே அவனுடையதல்லாதது.

எனினும் ஓர் இளைஞனின் நேர்மையின் மேல் ஊரின் நியாயத்தை முழுவதுமாக ஏற்றிவைப்பதும் முறையன்று. நல்லவனை நட்டப்படுத்தி, மறைப்பவனை வாழ்விக்கும் அமைப்பில் தனிமனித அறம் நெடுநாள் தாங்காது. அறியாமையே முதலாயின், அறிவைப் பொதுவாக்குவதே மருந்து. எமது ஊர்களில் சனசமூக நிலையங்கள் உள்ளன. அங்கே பத்திரிகை வாசிப்பதோடு எமது கடமை முடிந்துவிடுவதில்லை. ஊரில் விற்பனைக்குள்ள காணிகளையும் அண்மையில் முடிந்த விலைகளையும் எழுதிய ஒரு பதிவேடு அங்கே ஏன் இருக்கக் கூடாது? மூன்று ஞாயிறு தேவாலயத்தில் வாசிக்கப்பட்டது இன்று வாசிகசாலைப் பலகையில் ஏன் எழுதப்படக் கூடாது? 1930களில் மூளாயில் கூட்டுறவு முறையில் மருத்துவமனை கண்ட மக்கள் நாம். உரித்துத் தேடும் பணியையும் விற்பவர் வாங்குபவரை இணைக்கும் பணியையும் கூட்டுறவாகச் செய்து, வேலையற்ற இளைஞருக்கு அதிலே சம்பளம் கொடுக்க எமக்கு இயலாதா? பாதையும் பள்ளியும் புகைவண்டியும் ஏற்றிய விலையில் ஒரு பங்கைப் பிரதேச சபைக்குத் திருப்பி, காணியற்றோருக்கு நிலம் வாங்க வழிசெய்யும் சட்டத்தைக் கேட்க எமக்கு உரிமை இல்லையா?

தோட்டமாய் இருந்த செம்மண் துண்டு துண்டாக மதிலுக்குள் மறைவதையும், பங்குக் கிணறு தூர்ந்து குழாய்க்கிணறாவதையும் நாம் ஒவ்வொரு நாளும் பாடசாலை செல்லும் வழியிற் காண்கிறோம். இம்மாற்றத்தின் நடுவில் நிற்பவர்கள் எம் மாணவர்களே. உறுதியில் உள்ள சொற்களின் பொருளை வகுப்பறையிலேயே அவர்களுக்குக் கற்பிப்போம்: பரப்பு எத்தனை, பங்கு எது, ஒற்றி எது, அறுதி எது என்று. காணியின் விலையை ஊரே சேர்ந்து ஆக்கிற்று என்ற உண்மையையும் அதனோடு சேர்த்துக் கற்பிப்போம். அவர்களுள் ஒருவன் நாளை இருவர் நடுவே நின்று விலை பேசும்போது, இருவருக்கும் ஒரே விலையைச் சொல்வானாயின் நாம் கற்பித்தது வீணாகவில்லை.